பதில் சொல்லிவிட்டுத் திருப்புங்கள்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டே, பாதியில் விட்ட பட்டப்படிப்பை முடிக்கப் பார்க்கிறேன். வகுப்புக்குப் போகாமலே பாடத்தை முடித்ததாகக் கணக்கு வைத்துக்கொள்ள உதவும் கிளெப் தேர்வில் அமெரிக்க வரலாறு முதல் பகுதியை எழுதி, பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட் வாங்கலாம் என்று திட்டம். ஆங்கி என்ற மனப்பாடச் செயலியில், முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் பதிலுமாக 400 ஃபிளாஷ் கார்டு போட்டுத் தினமும் பார்க்கிறேன். பார்க்கும்போது எல்லாம் தெரிகிறது. மாதிரித் தேர்வில் பாதிக்கு மேல் தப்பு. காகித அட்டைக்கு மாறிவிடட்டுமா? என் கார்டு ஒன்றின் படத்தை இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க,

விட்ட படிப்பை வேலைக்கு நடுவே மறுபடி கையில் எடுத்திருக்கிறீர்கள். மனசு நிறைந்தது. காகிதமா செயலியா என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, எது வசதியோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்களைக் கடிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. கேள்வியைப் பார்த்ததும் ‘தெரியுமே’ என்று உடனே திருப்பிவிடுகிறீர்கள். பதிலைக் கண்டதும் ‘அதேதான்’ என்று தலையாட்டுகிறீர்கள். முகம் பரிச்சயமாக இருக்கிறது, பெயர் வாயில் வரவில்லை என்கிற நிலை இது. பதிலை வாய்விட்டுச் சொல்லாமல் திருப்பிய கார்டு படிக்காத கார்டுதான்.

என் அப்பாவுக்கு இதில் இரக்கமே கிடையாது. ‘படிச்சுட்டேன்’ என்றால் போதும், புத்தகத்தை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்துவிடுவார். முதல் எழுத்தையாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினாலும் அசைய மாட்டார். அப்போது ஆத்திரமாக வரும். ஆனால் பள்ளிப் பாடங்களில் எனக்கு இன்றும் நினைவிருப்பவை, அப்படித் திணறித் திணறிச் சொன்னவைதான்.

அப்பா செய்ததற்கு ஆய்வும் துணை நிற்கிறது. 2008இல் கார்ப்பிக், ரோடிகர் என்ற உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஆப்பிரிக்க மொழியான ஸ்வாஹிலியின் 40 சொற்களை ஆங்கிலப் பொருளோடு கொடுத்தார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லையும் விடாமல் திரும்பக் கேட்கப்பட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 சதவீதம் நினைவிருந்தது. சொல்லியாகிவிட்டதே என்று அதைக் கேட்பதை நிறுத்தியவர்களுக்கு 40 சதவீதம்கூட இல்லை, அவர்களில் ஒரு பிரிவினர் அந்தச் சொற்களைத் தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தும்! ஆகவே, ஒரு தடவை வந்துவிட்டது என்று எந்தக் கார்டையும் ஓரங்கட்டாதீர்கள். நாளைக்குக் கேளுங்கள், நான்கு நாள் விட்டுக் கேளுங்கள், அப்புறம் இன்னும் தள்ளிக் கேளுங்கள். இந்த இடைவெளியை ஆங்கி தானே கணக்குப் போட்டுத் தரும். ஆனால் பதில் வராதபோது வரவில்லை என்று நீங்கள் நேர்மையாக அழுத்த வேண்டும்.

சரி, உங்கள் கார்டுக்கு வருகிறேன். முன்பக்கம் ‘உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய திருத்தங்கள்’ (அமெரிக்க அரசியலமைப்பில் செய்தவை), பின்பக்கம் பதினொரு வரி. இதை யாரால் சொல்ல முடியும்? உடையுங்கள். அடிமைமுறையை ஒழித்தது எது? 13ஆம் திருத்தம், 1865. அங்கே பிறந்தவர்களுக்குக் குடியுரிமையை உறுதிசெய்தது? 14, 1868. இனத்தையும் நிறத்தையும் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது? 15, 1870. எண்ணை முன்னால் வைத்துத் தலைகீழாகவும் கேளுங்கள். கூடவே ஒரு ‘ஏன்’ கார்டு: 13 வந்த பிறகும் 14 எதற்குத் தேவைப்பட்டது? விடுதலையானவர்களை ஒடுக்கத் தென் மாநிலங்கள் போட்ட கறுப்பர் சட்டங்களை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். 90 நிமிடத்தில் 120 கேள்வி வரும் தேர்வு இது, நின்று யோசிக்க நேரம் இருக்காது.

அப்புறம், கிரெடிட்டுக்கு 20 முதல் 80 வரையிலான மதிப்பெண் அளவில் 50 வேண்டும் என்பது பொதுப் பரிந்துரை மட்டுமே. கல்லூரிக்குக் கல்லூரி மாறும். உங்கள் கல்லூரிப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தேர்வுக்குப் பணம் கட்டுங்கள்.