எங்க தம்பி மலை?

"ஐயா, எனக்கு 44 வயசு, கொக்குவில். பள்ளிக்கூடத்தில சித்திரம் எண்டா உயிர், ஏஎல்லுக்கு வீட்டில விடேல்லை. போன தையில இருந்து திரும்ப வாட்டர்கலர் தொடங்கியிருக்கிறன். யூடியூப்பில பொப் ரொஸ்ஸைப் பாத்துப் பனிமலையும் ஏரியும் கீறினன், போட்டோ அனுப்புறன். பேப்பர் சுருளுது, மலையில பனி சரியா வருதில்லை. எந்தப் பேப்பர், எந்தப் பிரஷ் வாங்கலாம்? இந்த வயசில தொடங்கிறது பிழையோ?"

தம்பி,

வயசைப் பற்றிக் கேட்டதை நான் வாசிக்கேல்லை எண்டு வையுங்கோ. பேப்பர் சுருளுதெண்டா அது போட்டோக்கொப்பிப் பேப்பர், தண்ணி பட்டா அப்பளம் மாதிரித்தான் வரும், 300 ஜிஎஸ்எம் தடிப்புப் பேப்பர் எண்டு கேட்டு வாங்கி நாலு பக்கமும் டேப் ஒட்டிப்போட்டுக் கீறுங்கோ. பிரஷ் ஒரு பெரிசு ஒரு சின்னன், காணும். பனி வராது. பொப் ரொஸ் கீறினது எண்ணெய் வர்ணம், ஈரத்துக்கு மேல கத்தியால வெள்ளையை இழுக்கலாம். வாட்டர்கலரில வெள்ளை எண்டா தாள்தான், முதலே விட்டு வைச்சாத்தான் உண்டு.

சரி, மலைக்கு வருவம். உங்கட கை நல்ல கை, அந்த ஏரித்தண்ணி அசையாமக் கிடக்கிறதைப் பாத்துக் கொஞ்சநேரம் பேசாம இருந்திட்டன். ஆனா கொக்குவிலில எங்கயடாப்பா பனிமலை? யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு, மலையுமில்லை, வருசம் முழுக்க ஓடுற ஆறுமில்லை, வழுக்கியாறு கூட மாரிக்கு மட்டும் எட்டிப் பாத்திட்டுப் போயிடும். ஆனா எந்த வகுப்பில "இயற்கைக் காட்சி" கீறச் சொன்னாலும் எல்லாக் கொப்பியிலும் ரெண்டு மலை, நடுவில சூரியன், கீழ ஒரு ஆறு.

நானும் கீறினனான். ஒருக்கா மட்டும் எங்கட தறவையை, அந்த வெட்டவெளியைக் கீறிக்கொண்டு போனன், ஒரு கோடு, மேல வானம், ஓரத்தில ஒரு பனை. மாஸ்டர் பாத்திட்டு "மிச்சத்தை எப்ப கீறப்போறாய்?" எண்டார். அடுத்த கிழமை ரெண்டு மலை வைச்சுக் குடுத்தன், நல்ல புள்ளி. வெக்கங்கெட்ட புள்ளி.

95 ஒக்ரோபர் 30 இரவு சண்டையால எங்கட வலிகாமப் பகுதியே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது, உங்களுக்கும் நினைவிருக்கும், அப்ப சின்னப்பெடியனா இருந்திருப்பியள். மழை, சனம், ஒரு அடி வைக்க எவ்வளவு நேரம். விடியேக்க நாவற்குழிப் பக்கம் நிண்டு திரும்பிப் பாத்தன். உப்புவெளி, அதுக்கு மேல வானம், ஒளிக்க ஒரு திட்டி கூட இல்லை. மாஸ்டர் கேட்ட மிச்சம் அதுதான் எண்டு அண்டைக்கு விளங்கினது, ஆனா கலர்ப்பெட்டி வீட்டில. பேந்து பிரஷ் தொட்டது 58 வயசில.

இன்னொண்டு. 1658இல எங்கட கோட்டையைப் போர்த்துக்கேயரிட்ட இருந்து பிடிச்ச ஒல்லாந்தரின்ர நாடும் எங்கட மாதிரித் தட்டைதான். அதே நூற்றாண்டில யாக்கோப் வான் ரைஸ்டால் எண்டவர் ஹார்லெம் ஊரைக் கீறேக்க, படத்தில மூண்டில ரெண்டு பங்கை வானத்துக்கு விட்டார். அவருக்கு முகில்தான் மலை. முகிலின்ர நிழல் விழுந்து நிலம் ஒரு துண்டு இருட்டு, ஒரு துண்டு வெளிச்சம் எண்டு போகும், அதாலதான் தட்டை நிலத்துக்குத் தூரம் வாறது. ஒல்லாந்தர் கோட்டையைத் திருப்பிக் கட்டி விட்டிட்டுப் போச்சினம், இந்த வித்தையை விட்டிட்டுப் போகேல்லை.

பண்ணைக் கடற்கரையில நிண்டு பாருங்கோ. மீன் பிடிக்கக் கடலுக்குள்ள நட்ட சிறகுவலைக் கம்புகள் தூரம் போகப்போகக் குறுகி நெருங்கிக்கொண்டு போகும், பேர்ஸ்பெக்டிவ், அதுதான் தூரம் காட்டுற வித்தை, படிக்க வேற வகுப்பு வேணுமே? "இஞ்ச என்ன இருக்கு கீற" எண்டு சொல்லுற ஆக்களோட கதைக்காதேங்கோ. பனைக்குக் கறுப்பு ரியூப்பைத் தொடாதேங்கோ, அல்ட்ராமரின் நீலமும் பேர்ண்ட் சியன்னா மண்ணிறமும் கலவுங்கோ, மழை நனைஞ்ச பனையின்ர சாம்பல் அப்பிடியே வரும்.

ஞாயிறு பின்னேரம் அஞ்சு மணிக்கு நான் அங்கதான் நிப்பன், வாங்கோ. போத்தலில நல்ல தண்ணி கொண்டு வாங்கோ. போன மாதம் நான் கடல்தண்ணியில பிரஷ் கழுவிக் கீறிப்போட்டன், காய்ஞ்ச பிறகு வானம் முழுக்க உப்பு மினுங்குது, பின்னேரம் எண்டு சொன்னாலும் பேத்தி கேக்கிறாளில்லை, நட்சத்திரமாம்.