22 வொர்க்கர், 12 கட்டம், 4 டர்ன்

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்கிறார்: "அண்ணா, சிவிலைசேஷன் 3 கணினி விளையாட்டு ஆடுகிறேன். ரயில் போட வழிதிறக்கும் ஸ்டீம் பவர் தொழில்நுட்பம் கிடைத்து 20 டர்னுக்கு மேல் ஆகிவிட்டது. நிலக்கரி, இரும்பு இரண்டும் கைவசம் உண்டு. வொர்க்கர் 22 பேர். அதில் 8 பேர் போரில் பிடித்தவர்கள். எல்லோரையும் ஆட்டோமேட்டில் (கணினியே வேலை கொடுக்கும் முறை) விட்டிருக்கிறேன். மேப் முழுக்க துண்டு துண்டாகத் தண்டவாளம் தெரிகிறது, ஆனால் மேற்கே உள்ள தலைநகரும் கிழக்கு எல்லை நகரமும் இன்னும் சேரவில்லை. நேர்வழியில் 9 கட்டம்: 4 குன்று, 1 மலை, மீதி சமவெளி. தெற்கே சுற்றினால் 12 கட்டம், எல்லாமே சமவெளி. இரண்டு வழியிலும் ரோடு போட்டாயிற்று. எதில் ரயில் போடுவது? போட்டு முடித்த பிறகு இத்தனை வொர்க்கரை என்ன செய்வது?"

தெற்கே சுற்றுங்கள் தம்பி. யோசிக்கவே வேண்டாம்.

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வரும் பாதையைப் பாருங்கள். 1981-ல் திறந்தது. வள்ளியூர், காவல்கிணறு தாண்டினால் மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. பாதை மலையில் ஏறவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைந்து தோவாளை வழியாக வந்துவிடுகிறது. நிஜ ரயிலுக்காவது சுற்றிப்போனால் நேரமும் எரிபொருளும் கூடும். உங்கள் ஆட்டத்தில் அதுவும் இல்லை. தண்டவாளத்தின் மேல் எத்தனை கட்டம் போனாலும் நகர்வுப் புள்ளி ஒன்றுகூடக் குறையாது. 9 கட்டமும் 12 கட்டமும் படைக்கு ஒன்றுதான். ஆகவே இங்கே நீளத்தைப் பார்க்காதீர்கள், கூலியைப் பாருங்கள்.

கூலிக் கணக்கை நம்ம ஊர் கொத்தனார் சொல்வதுபோலச் சொல்கிறேன். "இது ஆறு ஆள் வேலை" என்பார் அல்லவா? ஒருவர் ஆறு நாள் செய்தாலும் ஆறு பேர் ஒரு நாள் செய்தாலும் அதே வேலை. ரோடு உள்ள சமவெளியில் ரயில் போடுவது, சாதாரண வொர்க்கருக்கு 6 ஆள் வேலை. குன்று இரண்டு மடங்கு, 12. மலை மூன்று மடங்கு, 18. நேர்வழியில் சமவெளி 4-க்கு 24, குன்றுகளுக்கு 48, மலைக்கு 18, ஆக 90. தெற்கு வழியில் 12 கட்டத்துக்கும் சேர்த்து 72. மூன்று கட்டம் நீளமான பாதை 18 ஆள் மலிவாக முடிகிறது.

இன்னொரு லாபமும் உண்டு. பாசனம் செய்த கட்டத்தில் ரயில் போட்டால் 1 உணவு கூடும். சுரங்கம் வெட்டிய கட்டத்தில் 1 ஷீல்டு, அதாவது உற்பத்திப் புள்ளி, கூடும். சமவெளி 12 கட்டத்தில் பாதியாவது ஏதோ ஒரு நகரத்து மக்கள் உழைக்கிற கட்டமாகத்தான் இருக்கும். அதற்கெல்லாம் எப்படியும் ஒரு நாள் ரயில் போடத்தான் போகிறீர்கள். அந்த வேலையை இன்றே செய்ததாகிவிடும்.

சரி, ஆட்கள். பிடித்துவந்த வொர்க்கர் பாதி வேகத்தில்தான் உழைப்பார்; அரை ஆள் என்று வையுங்கள். உங்களுக்குச் சொந்த ஆள் 14, பிடித்தவர் 8 பேர் சேர்ந்து 4. மொத்தம் ஒரு டர்னுக்கு 18 ஆள். 72-ஐ 18-ஆல் வகுத்தால் 4. நீங்கள் 20 டர்னாகக் காத்திருக்கிற பாதை 4 டர்ன் வேலைதான்.

பிறகு ஏன் முடியவில்லை? ஆட்டோமேட். அது உங்கள் போரை அறியாது. யாரும் உழைக்காத கட்டத்திலும் ரயில் போடும், நீங்கள் வெட்டிய சுரங்கத்தை மூடிப் பாசனமாக்கும், எதிரி வருகிற திசையிலேயே நடந்து போய் மாட்டிக்கொள்ளும். விட்டே ஆக வேண்டுமென்றால் வெறும் ஏ-க்குப் பதில் ஷிப்ட் பிடித்துக்கொண்டு ஏ அழுத்துங்கள். செய்து வைத்ததை மாற்றாமலாவது இருக்கும். முதன்மைப் பாதை முடியும்வரை அதுவும் வேண்டாம்.

இனி அந்த 4 டர்னை எப்படி ஓட்டுவது என்று பார்ப்போம். வொர்க்கருக்கு ஒரே ஒரு நகர்வுப் புள்ளிதான். ரோட்டில் ஒரு கட்டம் நகர்ந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு போகும். மிச்சம் கொஞ்சம் இருந்தாலும் போதும், அதே டர்னில் வேலையைத் தொடங்கலாம், அந்த டர்னின் உழைப்பு முழுசாகக் கணக்கில் ஏறும். இதைவிட முக்கியம், கடைசி ஆளுக்கு உத்தரவு கொடுத்து வேலை நிறைந்த அந்த நொடியே தண்டவாளம் விழுந்துவிடும். டர்ன் முடியக் காத்திருக்க வேண்டாம்.

ஒன்றிரண்டு டர்னில் 22 பேரையும் தலைநகரில் திரட்டுங்கள். முதல் கட்டத்துக்குச் சொந்த ஆள் 6 பேரை அனுப்பி ஒருவர் ஒருவராக உத்தரவு கொடுங்கள். ஆறாவது ஆளோடு ரயில் முளைக்கும். அடுத்த 6 பேர் அந்தத் தண்டவாளத்தின் மேலேயே ஓசியில் போய் இரண்டாம் கட்டத்தில் இறங்கட்டும். அதுவும் விழும். மீதி யார்? சொந்த ஆள் 2, பிடித்தவர் 8. இரண்டும் நாலும் ஆறு. மூன்றாம் கட்டமும் முடிந்தது. அடுத்த டர்ன், பின்னால் நிற்கிறவர்கள் எல்லாம் தண்டவாளத்தில் முன்னால் வந்து நான்காம் கட்டத்தில் தொடங்குவார்கள். டர்னுக்கு மூன்று கட்டம், ஒரு ஆள்கூட வீணில்லை. வார்ப்பு நாளன்று ஒரே வரிசையில் நின்று சட்டி கைமாற்றுவார்களே, அந்த ஓட்டம்தான்.

உத்தரவை ஒருவர் ஒருவராகக் கொடுங்கள் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கணக்கு தப்பி ஐந்தாவது ஆளிலேயே ரயில் விழுந்தாலும் ஆறாவது ஆள் கையில் புள்ளி மிச்சமிருக்கும், அவரை முன்னால் அனுப்பலாம். 22 பேரையும் 22 கட்டத்தில் பரப்பிவிட்டால் ஆறு டர்ன் வரை ஒரு தண்டவாளமும் கண்ணில் படாது.

பாதையின் நுனியில் ஒரு காவல் படையை வையுங்கள். தனியாக நிற்கிற வொர்க்கரை எதிரி ஒரு அடி எடுத்துவைத்தே பிடித்துவிடுவான், சண்டையே இல்லை. நான் ஆடத் தொடங்கிய காலத்தில், தக்கலையில் ஒரு பிரவுசிங் சென்டரில், மணிக்கணக்கில் சேர்த்த 9 வொர்க்கரை ஒரே டர்னில் ஒற்றைக் குதிரைப் படையிடம் பறிகொடுத்தேன். எல்லோரையும் ஒரே கட்டத்தில் குவித்திருந்தேன், காவலுக்கு ஆளில்லை. பக்கத்து சீட்டுப் பையன் "போச்சா மக்கா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. எதிரி உங்கள் தண்டவாளத்திலேயே ஓடிவந்துவிடுவானோ என்று மட்டும் பயப்பட வேண்டாம். போரில் இருக்கிற எதிரிக்கு உங்கள் எல்லைக்குள் ரோடும் ரயிலும் உதவாது.

முதன்மைப் பாதை முடிந்ததும் கிளை. இங்கே பலர் செய்கிற தவறு, நகரத்தைச் சுற்றியுள்ள 20 கட்டத்துக்கும் ரயில் போடுவது. மருத்துவமனை இல்லாத நகரம் 12 பேருக்கு மேல் வளராது. 12 பேர் 12 கட்டத்தில்தான் உழைப்பார்கள். மீதி 8 கட்டத்துத் தண்டவாளத்தால் இப்போதைக்கு உணவும் இல்லை, ஷீல்டும் இல்லை. நகரத் திரையைத் திறந்து, மக்கள் நிற்கிற கட்டங்களுக்கு மட்டும் போடுங்கள், அதிலும் சுரங்கமோ பாசனமோ உள்ளதற்கு முதலில். காட்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

வேகத்தைக் கூட்ட வழி கேட்டால், ரீபிளேசபிள் பார்ட்ஸ் என்ற தொழில்நுட்பம். எலெக்ட்ரிசிட்டி வழியாகப் போய் அதைப் பிடித்தால் வொர்க்கர் வேகம் இரட்டிப்பு. சமவெளி 3 ஆள் வேலையாகிவிடும். அதே நேரத்தில்தான் மேப்பில் ரப்பர் தெரியத் தொடங்கும். (ரப்பர் தோட்டம் நிறைந்த குலசேகரம் பக்கத்து ஆட்களுக்கு அது ஒரு தனி சந்தோஷம்.) ஜனநாயக ஆட்சியிலும் வேகம் கூடும், ஆனால் எல்லையில் போர் மூளும் நிலையில் உங்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன், மக்கள் போரில் சீக்கிரம் சலித்துவிடுவார்கள்.

நிலக்கரி இல்லாத வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்து நாட்டிடம் 20 டர்ன் ஒப்பந்தத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் முடிந்தால் புதிதாகப் போட முடியாது, போட்டது போகாது. அப்படியானால் வாங்குவதற்கு முன்பே ரோடெல்லாம் போட்டு, ஆட்களைத் திரட்டிவைத்துவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

கடைசியாக, அந்த 22 பேர். சொந்த வொர்க்கருக்குப் பராமரிப்புச் செலவு உண்டு, பிடித்தவருக்கு இல்லை. ஆகவே எட்டுப் பேரையும் விடாதீர்கள். எதிரி ரயிலைப் பெயர்த்தாலும், புதிதாகப் பிடித்த நகரத்துக்குப் பாதை இழுத்தாலும் அவர்கள் போதும். சொந்த ஆள் 14-ல் நாலைந்து பேரை வைத்துக்கொண்டு மீதியை நகரங்களில் சேர்த்துவிடுங்கள். ஒரு வொர்க்கரை உருவாக்க நகரம் ஒரு ஆளை இழந்தது அல்லவா, சேர்த்தால் அந்த ஆள் திரும்பி வருவார். கிழக்கு எல்லை நகரத்தில் 12 பேர் இன்னும் நிறையவில்லை என்றால் முதலில் அங்கே சேருங்கள். தண்டவாளம்தான் வந்துவிட்டதே, ஒரே டர்னில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.