சிறுநீரகக் கல் ஒருமுறை வந்துவிட்டது. மறுபடி வராமல் இருக்கப் பால், தக்காளியை நிறுத்த வேண்டுமா? வாழைத்தண்டுச் சாறு போதுமா?

பாலை நிறுத்தாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு வருவது கால்சியம் ஆக்சலேட் கல். ஆக்சலேட் என்பது சில கீரைகளிலும் கொட்டைகளிலும் இயற்கையாக இருக்கும் ஒரு பொருள், அது கால்சியத்தோடு சேர்ந்து இந்தக் கல்லாகிறது. பெயரில் கால்சியம் இருப்பதால் பால், தயிரை ஒதுக்கிவிடுகிறார்கள். அதனால் கல் வரும் வாய்ப்பு கூடத்தான் செய்கிறது. சாப்பாட்டோடு கால்சியம் போனால் அது குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். கால்சியம் இல்லையென்றால் ஆக்சலேட் ரத்தத்தில் கலந்து சிறுநீருக்கு வந்து சேரும். இத்தாலியில் அடிக்கடி கல் வரும் 120 ஆண்களை 5 ஆண்டுகள் கவனித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மறுபடி கல் வந்தது. கால்சியத்தைக் குறைக்காமல் உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான் வந்தது.

ஆகவே மதியம் ஒரு கிண்ணம் தயிர் அல்லது கெட்டி மோர் கட்டாயம் இருக்கட்டும். மருத்துவர் கால்சியம் மாத்திரை கொடுத்திருந்தால், வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் பெரிய எதிரி உப்பு. உடம்பு உப்பை வெளியேற்றும்போது கால்சியமும் சேர்ந்து சிறுநீரில் போகிறது. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் நிற்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, மிக்சர் இருக்கும் வீட்டில் இந்த அளவு காலையிலேயே தாண்டிவிடும். கல்லுக்கு நல்லது என்று உப்புப் போட்ட எலுமிச்சை சோடா குடிப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. எலுமிச்சையில் உள்ள சிட்ரேட் கல் உருவாவதைத் தடுக்கும், ஆனால் உப்பும் சர்க்கரையும் அந்தப் பலனைத் தின்றுவிடும். இரண்டு பழத்தின் சாற்றை வெறும் தண்ணீரில் கலந்து நாள் முழுக்கப் பிரித்துக் குடியுங்கள்.

தக்காளியில் ஆக்சலேட் குறைவு. தக்காளி விதையே கல்லாகும் என்று சொல்வது தவறு. ஒதுக்க வேண்டியது பசலைக்கீரை வகையில் பாலக், பிறகு பீட்ரூட், பாதாம், முந்திரி. இவற்றையும் அறவே விட வேண்டியதில்லை. பாலக்கை நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டுத் தயிரோடு சாப்பிட்டால் பாதிப்பு கணிசமாகக் குறையும். வைட்டமின் சி மாத்திரையைத் தினமும் 1 கிராம் போடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், உடம்பு அதில் ஒரு பகுதியை ஆக்சலேட்டாக மாற்றுகிறது.

வாழைத்தண்டுச் சாறு குடிக்கலாம், நீர்ச்சத்து கிடைக்கும். ஆனால் கால்சியம் ஆக்சலேட் கல்லைக் கரைக்கும் உணவு எதுவும் இல்லை.

எல்லாவற்றையும் விட முக்கியம் தண்ணீர். எத்தனை லிட்டர் குடித்தோம் என்பதைவிட எவ்வளவு சிறுநீர் வந்தது என்பதே கணக்கு. நாளுக்கு 2 முதல் 2.5 லிட்டர் வர வேண்டும். சித்திரை வெயிலில் வேலை செய்பவர்கள் 3 லிட்டர் குடித்தாலும் வியர்வையாகப் போய்விடும். நிறம் வெளிறிய வைக்கோல் போல இருக்கிறதா என்று பாருங்கள். படுக்கும் முன் ஒரு டம்ளர் குடியுங்கள், இரவில்தான் சிறுநீர் கெட்டியாகிறது. இதய, சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

அடுத்த முறை சிறுநீரோடு கல் விழுந்தால் அதை வடிகட்டிப் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். யூரிக் அமிலக் கல் என்றால் உணவுமுறையும் மருந்தும் வேறு. வலியோடு காய்ச்சல், குளிர் வந்தாலோ சிறுநீர் நின்றுபோனாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.