கட்டாயத் துப்பாக்கிப் பதிவு நடைமுறைக்கு ஒத்து வருமா?

கடையில் புதிதாக விற்பதைப் பதிவது சுலபம். ஏற்கெனவே வீட்டுப் பரணில் கிடப்பதைப் பதிவதில்தான் தாவு தீர்ந்துவிடும். "நீ துப்பாக்கிக்காரன் கட்சியா?" என்று கமெண்டில் யாரும் வர வேண்டாம். பதிவு தேவையா என்பது அரசியல். இங்கே பேச்சு வேலை எப்படி நடக்கும் என்பது மட்டும்.

கனடாவில் கைத்துப்பாக்கிகளை 1934 முதலே பதிகிறார்கள், அது பாட்டுக்கு நடக்கிறது. 1995 சட்டம் வேட்டை ரைஃபிள், ஷாட்கன் அத்தனையையும் உள்ளே இழுத்தது. கட்டண வரவு போக அரசுக்கு 20 லட்சம் டாலர்தான் செலவு என்றார்கள். லைசென்ஸ் வேலையும் சேர்த்து 2004-05க்குள் 100 கோடி டாலரைத் தாண்டும் என்று 2002ல் தலைமைத் தணிக்கையாளர் ஷீலா ஃப்ரேசர் போட்டு உடைத்தார்.

சிக்கல் படிவத்திலேயே ஆரம்பிக்கிறது. தயாரித்தவர், மாடல், இயங்கும் முறை, காலிபர் (குழலின் உள்விட்டம்), குழல் நீளம், சீரியல் நம்பர் எல்லாம் வேண்டும். ஆனால் அமெரிக்காவில் 1968 சட்டம் வரும்வரை பாயிண்ட் 22 ரைஃபிளுக்கு எண் கட்டாயமில்லை. கனடாவின் கூயி கம்பெனி செய்த பழைய ரைஃபிள்கள் பலவற்றிலும் எண் கிடையாது. அரசே ஓர் எண் ஒதுக்கி ஸ்டிக்கர் அனுப்பியது. எண்ணெய் போட்டுத் துடைக்கிற சாமானில் ஸ்டிக்கர் எத்தனை நாள் நிற்கும்? கனடாவின் ஈட்டன்ஸ் கடை 'ஈட்டோனியா' என்று பெயர் போட்டு விற்ற ரைஃபிள்களில் கூயி செய்தவையும் உண்டு. தயாரித்தவர் யார் என்ற கட்டத்தில் ஒருவர் கடைப் பெயரை எழுதுவார், இன்னொருவர் கம்பெனிப் பெயரை எழுதுவார்.

பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ என்ஃபீல்டு இன்னும் மோசம். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் போல்ட்டில் ஓர் எண், அது பொருந்தும் உடற்பகுதியான ரிசீவரில் ஓர் எண். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். எப்போதோ போல்ட்டை மாற்றியிருந்தால் இருக்காது. சட்டத்தின் கண்ணில் ரிசீவர்தான் துப்பாக்கி, ஆனால் ஆட்கள் கண்ணில் முதலில் பட்டதை எழுதிவிடுவார்கள். பேட்டன்ட் எண்ணை எழுதுகிறவர்களும் உண்டு. 8 எது, B எது என்பது தேய்ந்த இரும்பில் தெரியாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் எண் வரிசையைத் தானே போடுவதால், எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் வேறு யாருடைய துப்பாக்கியோ வந்து நிற்கும்.

"ஒரு ஆப் போட்டால் முடிந்தது" என்று எதற்கெடுத்தாலும் ஒரு பதில் வருகிறதே, அதைப் பார்த்தால்தான் எரிச்சல். நம்மூரில் பட்டா ஆன்லைனில்தான் இருக்கிறது. அதில் தப்பாக ஏறிய இனிஷியலைத் திருத்த எத்தனை பேர் தாலுகா ஆபீஸ் படி ஏறுகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

நியூசிலாந்து செய்வது கொஞ்சம் விவேகமான வழி. அங்கே ஆளுக்கு லைசென்ஸ் முன்பே உண்டு. 2023 ஜூனில் பதிவைத் தொடங்கி, 2028 ஆகஸ்ட் வரை அவகாசம் கொடுத்தார்கள். இடையில் வாங்கினாலோ விற்றாலோ அப்போதே பதிய வேண்டும். இந்தியாவிலும் லைசென்ஸிலேயே ஆயுத எண்ணை ஏற்றுவதால் சட்டப்படி வாங்கியவை கணக்கில் இருக்கின்றன. எண்ணே இல்லாத நாட்டுத் துப்பாக்கி எந்தக் கணக்கிலும் வராது.

கனடா 2012ல் நீளத் துப்பாக்கிகளின் (ரைஃபிள், ஷாட்கன்) பதிவைக் கைவிட்டது. கியூபெக் மாகாணம் மட்டும் 2018ல் சொந்தமாக ஆரம்பித்தது. இனி எந்த நாடு ஆரம்பித்தாலும், ரிசீவரில் எண் பொறித்த இடத்தைக் கிட்டத்தில் போட்டோ எடுத்துப் படிவத்தோடு வாங்கட்டும். எண்ணைச் சரிபார்க்கிற வேலையில் பெரும்பகுதி மிச்சமாகும்.