வக்காலத்தும் கேமராவும்: வாசகர் கேள்வி – பதில்

நீதிமன்றத்திலிருந்து தொலைக்காட்சிக்குப் போக நினைக்கும் வழக்கறிஞர்கள் செட்டிநாட்டுப் பக்கமிருந்து அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

பதினோரு ஆண்டுகளாகத் தேவகோட்டையில் சிவில் வழக்குகள் நடத்துகிறேன். சென்னைச் சேனல் ஒன்று, வாரம் மூன்று நாள் சட்ட நிகழ்ச்சி தொகுக்க மாதச் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. கையில் நாற்பது வழக்குகள் உள்ளன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாமா?
– வழக்கறிஞர், தேவகோட்டை

நீங்கள் எழுதியதில் கவனிக்க வேண்டிய சொல் ‘மாதச் சம்பளம்’. முழுநேரச் சம்பள வேலையில் சேரும் வழக்கறிஞர் அதைத் தன் மாநில பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, அந்த வேலையில் இருக்கும்வரை தொழிலை நிறுத்த வேண்டும் என்கிறது பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் விதி 49. விதி 51 ஒலிபரப்பு, பத்திரிகைப் பணி, விரிவுரை, கற்பித்தல் ஆகியவற்றுக்கு இடம் தருகிறது. ஆனால் விளம்பரத் தடைக்கும் முழுநேர வேலைத் தடைக்கும் உட்பட்டுத்தான்.

வாரம் மூன்று நாள் என்பதாலேயே அது பகுதிநேர வேலை ஆகிவிடாது. பி.எஃப்., விடுப்புக் கணக்கு, ‘வேறு தொழில் செய்யக் கூடாது’ என்ற நிபந்தனை, இவை ஒப்பந்தத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது முழுநேர வேலையாகவே பார்க்கப்பட வாய்ப்பு அதிகம். விவாதத்துக்கு விருந்தினராகப் போய், ஒரு நாளுக்கு இவ்வளவு என்று வாங்கி வருவது வேறு. செய்தியாளர், செய்தி ஆசிரியர் பொறுப்பு என்றால் இன்னும் கவனம் தேவை. வழக்கறிஞர் பகுதிநேரமாகக்கூடப் பத்திரிகையாளராக இருக்க முடியாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் பார் கவுன்சில் ஆஃப் இந்தியா நிலை எடுத்தது. எனவே ஒப்பந்தத்தின் நகலுடன் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் வந்த பிறகு கையெழுத்திட்டால் போதும்.

போவதென்று முடிவானால், முதலில் வழக்குகளைக் கைமாற்றுவது, அப்புறம்தான் பதிவுச் சான்றிதழை பார் கவுன்சிலிடம் ஒப்படைப்பது. இந்த வரிசையை மாற்றுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தொழிலை நிறுத்திவைத்த பிறகு நீங்கள் கோர்ட்டில் ஆஜராக முடியாது. ஆனால் வக்காலத்து (வழக்கை நடத்தக் கட்சிக்காரர் தந்த அதிகாரப் பத்திரம்) உங்கள் பெயரிலேயே நிற்கும். உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் கட்டளை 3 விதி 4-இன்படி, கட்சிக்காரரோ வழக்கறிஞரோ எழுதிக் கொடுத்து, கோர்ட் அனுமதித்தால்தான் வக்காலத்து முடிவுக்கு வரும். நடுவில் வாய்தாவுக்கு ஆள் இல்லாமல் பிரதிவாதியான உங்கள் கட்சிக்காரருக்கு எதிராக ஒருதலைத் தீர்ப்பு வந்துவிட்டால், அதை நீக்கக் கேட்க 30 நாள்தான். அந்தக் கட்சிக்காரர் உங்கள் மேல் வழக்கறிஞர்கள் சட்டம் பிரிவு 35-இல் புகார் கொடுத்தால் அதில் நியாயம் இருக்கும்.

நாற்பது வழக்குக் கட்டுகளையும் மொத்தமாக ஜூனியரிடம் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். யாரை வைத்துக்கொள்வது என்பது கட்சிக்காரர் முடிவு. ஒவ்வொருவருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சாட்சி விசாரணை பாதியில் நிற்பவையும், காலவரம்பு நெருங்குபவையும் முதலில் கைமாற வேண்டும். புதிய வழக்கறிஞரின் வக்காலத்தில் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். மூலப் பத்திரங்கள், சான்று நகல்கள், அடுத்த வாய்தா தேதி எல்லாவற்றையும் பட்டியலிட்டு, கட்டைக் கொடுத்து, கையொப்பம் வாங்குங்கள். செய்யாத வேலைக்கு வாங்கிய ஃபீஸைத் திருப்பிக் கொடுப்பது பார் கவுன்சில் விதி 12-இன்படி கடமை. ஃபீஸ் பாக்கி என்று கட்டைப் பிடித்து வைக்கவும் உரிமை இல்லை. உச்ச நீதிமன்றம் 2000-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. நாற்பது வழக்குக்கு இரண்டு மாதமாவது அவகாசம் வேண்டும் என்று சேனலிடம் கேளுங்கள்.

எல்லாம் முடிந்ததும், தொழிலை நிறுத்திவைப்பதாகக் கடிதம் எழுதி, மூலப் பதிவுச் சான்றிதழோடு பதிவு வசதியுடன் ஸ்பீடு போஸ்டில் (பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் இதோடு இணைந்துவிட்டது) பார் கவுன்சிலுக்கு அனுப்புங்கள். சான்றிதழின் நகலையும் தபால் ஒப்புகையையும் பத்திரமாக வையுங்கள்.

சேனலுக்கு மாதிரி வீடியோ அனுப்ப வேண்டும். எங்கள் பழைய வீட்டிலேயே போனில் எடுத்தேன். கிணற்றுக்குள் பேசுவது போலிருக்கிறது. என்ன செய்யலாம்?
– பெண் வழக்கறிஞர், காரைக்குடி

வளவில் (முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) உட்கார்ந்து பேசியிருப்பீர்கள். உயரமான கூரை, ஆத்தங்குடிக் கல் தரை, வழவழவென்ற சுவர் எல்லாம் சேர்ந்து குரலைத் திருப்பி அடிக்கும். துணிமணியும் மெத்தையும் அடுக்கிய சின்ன உள்ளறைக்குப் போங்கள். தரையில் ஜமுக்காளம் விரித்து, போனுக்குப் பின்னால் உள்ள சுவரில் கனத்த போர்வை இரண்டைத் தொங்கவிடுங்கள். குரல் போய் முதலில் மோதுவது அந்தச் சுவரில்தான். காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். சங்கிலி அதில் உரசக் கூடாது. கஞ்சி போட்ட சேலையின் சரசரப்பையும் மைக் பிடித்துவிடும்.

செதுக்கிய நிலைக்கதவு பின்னால் தெரிய வேண்டும் என்று ஆசையிருந்தால், அதிலிருந்து ஆறடி முன்னால் தள்ளி உட்காருங்கள். முற்றத்து வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும், பக்கவாட்டில் வரட்டும். டியூப்லைட்டில் படம் மினுக்கினால் போனில் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்தக் கணக்கு. உடுப்பில் தூய வெள்ளையும், பொடிக் கட்டமும் கேமராவுக்கு ஆகாது.

நீளம் இரண்டரை நிமிடம், ஒரே ஒரு விஷயம். நிமிடத்துக்குச் சுமார் நூறு சொல் என்றால் எழுதுவது 250 சொல். பெரும்பாலான வழக்கறிஞர்கள் தோற்பது மொழியில்தான். ‘மேற்படி சொத்தில் வாதிக்குப் பாத்தியப்பட்ட பாகம்’ என்பதை ‘அந்த வீட்டில் உங்கள் பங்கு’ என்று சொல்லிப் பழகுங்கள். காதுக்குள் தயாரிப்பாளர் குரல் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பேச்சு தடைபடக் கூடாது. இயர்போனை மாட்டிக்கொண்டு, மறுமுனையில் வீட்டார் ஒருவரை ‘முப்பது நொடி, பத்து நொடி’ என்று எண்ணச் சொல்லி, நீங்கள் பாட்டுக்குப் பேசுங்கள். தினம் கால் மணி நேரம் பயிற்சி செய்தால் பிடிபட்டுவிடும்.

நான் நடத்திய பாகப்பிரிவினை வழக்கை நிகழ்ச்சியில் உதாரணமாகச் சொல்லலாமா? பெயரை மாற்றிவிடுவேன்.
– வழக்கறிஞர், பள்ளத்தூர்

வேண்டாம். கட்சிக்காரர் உங்களிடம் சொன்னதைக் காக்கும் கடமை, வழக்கு முடிந்தாலும் முடிவதில்லை. பாரதிய சாக்ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 132 அப்படித்தான் சொல்கிறது. நீங்கள் நடத்தும் வழக்கைப் பற்றி ஊடகத்தில் கருத்து வரச் செய்வது பார் கவுன்சில் விதி 36-க்கும் விரோதம். பெயரை மாற்றினாலும், எத்தனை புள்ளி (குடும்பக் கணக்கு), எந்தத் தெரு என்று சொன்னாலே நம் பக்கத்தில் வீடு தெரிந்துவிடும்.

சட்டத்தை மட்டும் சொல்லுங்கள். அதுவே ஜனங்களுக்குத் தேவையாக இருக்கிறது. ‘சீர் வாங்கிக்கொண்டு போன மகளுக்குப் பூர்வீக வீட்டில் பங்கு உண்டா?’ என்ற கேள்வி செட்டிநாட்டில் தீராதது. சீர் வாங்கியதால் மட்டும் பங்கு போய்விடாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை தந்தது. அந்தத் திருத்தம் வந்த அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாலோ பாகம் பிரிந்திருந்தால் அது அப்படியே நிற்கும். இந்தக் கடைசி வாக்கியத்தை நேரம் போதவில்லை என்று வெட்டிவிட்டால், மறுநாளே பல வீடுகளில் வீண் சண்டை கிளம்பும். வெட்ட விடாதீர்கள்.

நிகழ்ச்சியில் கறுப்பு அங்கியும் கழுத்துப் பட்டையும் அணியலாமா?
– கானாடுகாத்தான் வாசகர்

கூடாது. விழாக்கள் போன்ற சில விலக்குகள் தவிர, நீதிமன்றத்துக்கு வெளியே பொது இடத்தில் அவற்றை அணிவதை விதியே தடுக்கிறது.

போக்சோ வழக்குச் செய்தியில் ‘சிறுமி’ என்று மட்டும் சொன்னால் போதுமா?
– சட்டக் கல்லூரி மாணவி, சிவகங்கை

போதாது. பெயர், படம், வீட்டு முகவரி, குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என்று அடையாளம் காட்டும் எதுவும் வரக் கூடாது. மீறினால் பிரிவு 23-இன்படி ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சின்ன ஊரில் தெருமுனைக் கோயிலைக் காட்டினாலே அடையாளம்தான். எழுத்துப் பிரதியைச் சரிபார்ப்பது பாதி வேலை. எடிட்டிங்கில் உட்கார்ந்து படத்தையும் பாருங்கள்.

சேனல் சரிப்படவில்லை என்றால் திரும்பவும் கோர்ட்டுக்கு வர முடியுமா?
– வழக்கறிஞர், காரைக்குடி

முடியும். மீண்டும் தொழில் செய்ய பார் கவுன்சில் செயலாளருக்கு விண்ணப்பியுங்கள். இடைப்பட்ட காலத்தில் வழக்கறிஞர்கள் சட்டம் பிரிவு 24ஏ சொல்லும் தகுதியிழப்பு எதுவும் நேர்ந்ததா என்று பிரமாணப் பத்திரமும் வைக்க வேண்டும். பதிவுக் குழு உத்தரவிட்டு, சான்றிதழில் குறித்துத் திருப்பி அனுப்பும். அது கைக்கு வரும்வரை ஒரு வக்காலத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.