‘புற்றுநோய் பரவாது’ என்று விற்கும் மூலிகை கேப்ஸ்யூலை வாங்கலாமா?

கேள்வி: என் அக்காவுக்கு வயது 44. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து, இப்போது நோய் திரும்பாமல் இருக்கத் தினமும் டாமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடுகிறாள். முகநூலில் ஒரு விளம்பரம் பார்த்தோம். மஞ்சள், மிளகு, முள்சீத்தா இலைச் சாறு கலந்த கேப்ஸ்யூலாம். புற்றுநோய் வேறு உறுப்புக்குப் பரவாமல் தடுப்பது ஆய்வில் நிரூபணமாகிவிட்டது என்கிறார்கள். மூன்று மாதத்துக்கு 12,600 ரூபாய். "மூலிகைதானே, என்ன கெட்டுவிடப் போகிறது" என்கிறார் அத்தான். வாங்கலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: வாங்க வேண்டாம். பணம் வீண் என்பதோடு போகாது. அக்கா சாப்பிடும் மாத்திரையின் வேலையையே இது கெடுக்கலாம்.

டாமாக்ஸிஃபெனைக் கல்லீரல் எண்டாக்ஸிஃபென் என்ற பொருளாக மாற்றிய பிறகுதான் அதற்கு முழு வலு வருகிறது. மஞ்சளில் உள்ள குர்குமினை இந்த மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்து நெதர்லாந்தின் ராட்டர்டாமில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது, 2019-ல் வெளியானது. எண்டாக்ஸிஃபென் அளவு குறைந்தது. மிளகுச் சத்தான பைப்பரினையும் சேர்த்தபோது இன்னும் குறைந்தது. கேப்ஸ்யூல்காரர்கள் மிளகைச் சேர்ப்பதே குர்குமினைக் கல்லீரல் சீக்கிரம் வெளியேற்றாமல் இருக்கத்தான். அப்படிக் கல்லீரலில் கை வைத்தால், கூடவே போகிற மற்ற மருந்துகளின் கணக்கும் மாறும். சமையலில் போடும் மஞ்சளுக்கும் மிளகு ரசத்துக்கும் பயப்படத் தேவையில்லை. இங்கே பேசுவது கிராம் கணக்கில் தினமும் விழுங்கும் சாற்றைப் பற்றி.

விளம்பரத்தில் சொல்லும் இந்த மாதிரி ‘ஆய்வு’ எப்படி நடக்கிறது தெரியுமா? பிளாஸ்டிக் தட்டில் புற்றுச் செல்களை வளர்ப்பார்கள். அடி முழுக்கப் படர்ந்ததும் மெல்லிய பிளாஸ்டிக் முனையால் நடுவில் ஒரு கோடு கிழிப்பார்கள். இரு பக்கத்துச் செல்களும் நகர்ந்து வந்து அந்த இடைவெளியை மூடப் பார்க்கும். ஒரு தட்டில் செடிச் சாறு, இன்னொன்றில் ஒன்றும் இல்லை. மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, சாறு விட்ட தட்டில் கோடு மூடாமல் இருந்தால் ‘நகர்வைத் தடுக்கிறது’ என்று எழுதுவார்கள். எழுதியதில் தப்பு இல்லை, ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கும். ஆனால் பினாயில் ஊற்றினாலும் அந்தக் கோடு மூடாது. உடம்பில் செல் கட்டியிலிருந்து பிரிந்து, ரத்தத்தில் பயணம் செய்து, நுரையீரலிலோ எலும்பிலோ குடியேறுவது வேறு கதை. தட்டில் விட்ட செறிவு ரத்தத்தில் கிடைப்பதும் லேசில்லை. நாளைக்கு 8 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்விலேயே ரத்தத்தில் சேர்ந்தது மிகச் சொற்பம்.

முள்சீத்தாவுக்கு வருகிறேன். ‘கீமோவை விட 10,000 மடங்கு சக்தி’ என்ற வாட்ஸப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். அதன் வேர் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 1996-ல் வெளியிட்ட ஒரு கட்டுரை. அந்தப் பழத்தின் விதையிலிருந்து பிரித்த பொருள்களில் ஒரே ஒன்று, ஆய்வகத்தில் ஒரு வகைக் குடல் புற்றுச் செல் மீது காட்டிய கணக்குதான் அது. நோயாளி யாரும் அதில் இல்லை. உங்கள் கேப்ஸ்யூலில் இருப்பதோ இலை! கரீபியன் தீவான குவாடலூப்பில் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமாகச் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் அதிகம் தெரிவதாக 1999 முதல் ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். ‘மூலிகைதானே’ என்கிற அத்தானிடம் இதையும் சொல்லுங்கள்.

கேள்வி: பாட்டிலில் எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் இருக்கிறது. அப்படியென்றால் அரசு அங்கீகாரம்தானே? (சேலம்)

பதில்: அந்த 14 இலக்க எண், உணவுப் பாதுகாப்பு ஆணையம் உணவுத் தொழிலுக்குத் தரும் உரிமம். ஊறுகாய் பாட்டிலிலும் அதுதான் இருக்கும். லேபிளைத் திருப்பிப் பாருங்கள், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். ஊட்டச்சத்துப் பொருள் என்று விற்றால் அதைப் போட்டே ஆக வேண்டும். முன்பக்கம் ஒரு பேச்சு, பின்பக்கம் ஒரு பேச்சு.

கேள்வி: நித்தியகல்யாணியிலிருந்துதான் கேன்சர் ஊசியே தயாராகிறது என்கிறார்கள். எங்கள் பக்கம் வயல் வயலாக இருக்கிறது. இலையைக் காய்ச்சிக் குடித்தால் என்ன? நாட்டு மருந்துக் கடையில் பொடியாகவும் கிடைக்கிறது. (ராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் இரண்டும் அந்தச் செடியில் வருகிறவை. கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் 1958-ல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். சர்க்கரை நோய்க்குப் பயன்படுமா என்று பார்க்கப் போனவர்களுக்கு, எலிகளின் வெள்ளணு குறைவது கண்ணில் பட்டது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் இன்றும் முக்கியமான மருந்து. பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையில் கிடைத்த பக்லிடாக்ஸெல் என்ற புற்றுநோய் மருந்தும் இப்படித்தான்: 1962-ல் பட்டையைச் சேகரித்தார்கள், அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1992-ல். நடுவே 30 வருடம்.

அதனாலேயே காய்ச்சிக் குடிக்கக் கூடாது. வின்கிரிஸ்டினைப் பெரியவர்களுக்கே ஒரு தடவைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் தருவதில்லை. ரத்தக் குழாய் (சிரை) வழியாகத்தான் ஏற்றுவார்கள். ஏறும்போது வெளியே கசிந்தால் சதை வெந்துபோகும் என்று நர்ஸ் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கால் மரத்துப்போவதும் கடும் மலச்சிக்கலும் சரியான அளவிலேயே வரும். இலையில் இந்தப் பொருள் துளியிலும் துளி; கூடவே இரத்த அழுத்தத்தை இறக்கும் வேறு ஆல்கலாய்டுகளும் (செடியில் உள்ள வீரியமான வேதிப்பொருள்கள்) இருக்கின்றன. உங்கள் டம்ளரில் எது எவ்வளவு என்று கடைக்காரருக்கும் தெரியாது. சித்த மருத்துவம் வேண்டுமென்றால் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போய், கேன்சர் டாக்டரின் சீட்டைக் காட்டுங்கள். சித்த மருத்துவர் தருவதைக் கேன்சர் டாக்டரிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: இதே மாதிரி கேப்ஸ்யூலை அப்பாவுக்காக ஏற்கெனவே வாங்கிவிட்டோம். ஒரு பாட்டில் காலி, இரண்டு பிரிக்கவில்லை. விற்றவர் போனை எடுப்பதில்லை. பணம் திரும்ப வருமா? (மதுரை)

பதில்: முயற்சி செய்யலாம். முதலில் விளம்பரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், புகார் போனதும் அது காணாமல் போகும். பில், யுபிஐ ரசீது, வாட்ஸப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஆன்லைன் தளத்தில் வாங்கியிருந்தால் அதன் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது ஆன்லைன் விற்பனைக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதி. அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, வாங்கிய இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை.

புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். அதைப் புகாரில் ஒரு வரி சேர்த்து, மருந்து ஆய்வாளருக்கும் (டிரக் இன்ஸ்பெக்டர்) ஒரு பிரதி அனுப்புங்கள்.

பணம் வர நாளாகும். அதற்கு முன்னால், காலியான பாட்டிலை எடுத்துக்கொண்டு அப்பாவின் டாக்டரைப் பாருங்கள். மஞ்சள் கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதித்த கேஸ்கள் இத்தாலி உட்படப் பல இடங்களில் பதிவாகியிருக்கின்றன. அடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரலுக்கும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.