கேமராவைவிட மைக் முக்கியம்

உங்கள் மகளின் முதல் நேர்காணல் வீடியோவில் என்று தெரிந்ததும், பின்னால் எந்தச் சுவர் தெரிய வேண்டும், என்ன நிறத்தில் உடுத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சுவரில் கவனத்தை இழுக்கும் பொருள் எதுவும் இல்லாமல் இருந்தால் போதும். நேரில் போனால் எப்படி உடுத்துவாளோ அப்படியே உடுத்தட்டும். அதில் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. நீங்கள் கேட்காமல் விட்டது குரலைப் பற்றி. என் கவலையெல்லாம் அதில்தான்.

படம் கொஞ்சம் மங்கினாலும் கேள்வி கேட்பவர் பொறுத்துக்கொள்வார். குரல் விட்டுவிட்டுக் கேட்டால், பதில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சீக்கிரம் சலித்துப்போவார். லேப்டாப்பில் உள்ள மைக்கை நம்பாமல், மைக் வைத்த இயர்போன் போடச் சொல்லுங்கள். வயர் உள்ளதே நல்லது. ப்ளூடூத் இயர்போனில் மைக்கும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினால் ஒலியின் தரம் பெரும்பாலும் இறங்கிவிடும். நடுவில் சார்ஜும் தீரலாம். முதல் நாளே அதே அறையில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து கேட்கட்டும். ஃபேன் இரைச்சலும், காலி அறையின் எதிரொலியும் அப்போதுதான் காதில் விழும். திரைச்சீலை, மெத்தை இருக்கிற அறை என்றால் எதிரொலி குறையும்.

இன்னொன்றையும் அவள் பழக வேண்டும். நேர்ப்பேச்சில் ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்க ஆகும் இடைவெளி சராசரியாக 200 மில்லிசெகண்ட்தான். இணையத்தில் குரல் போய்ச்சேரும் தாமதமே சில சமயம் அதைத் தாண்டிவிடும். அதனால்தான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து, “சாரி, நீங்க சொல்லுங்க” என்று தடுமாறுகிறார்கள். கேள்வி முடிந்ததும் ஒரு மூச்சு விட்டுப் பதில் தொடங்கினால் இந்த மோதல் பெரும்பாலும் வராது. யோசித்துப் பேசுகிறாள் என்றும் தெரியும். பதில் நீண்டுகொண்டே போகவும் கூடாது. முக்கியமானதைச் சொல்லிவிட்டு, “இன்னும் விவரமாகச் சொல்லட்டுமா?” என்று கேட்கலாம்.

கண்ணைப் பற்றி எல்லோரும் சொல்வது லென்ஸைப் பார் என்பதுதான். சரி, ஆனால் முழு நேரமும் பார்த்தால் முகம் விறைத்துப்போகும். எதிரில் இருப்பவர் பேசும்போது அவர் முகத்தைப் பார்க்கட்டும். தான் பேசும்போது முக்கியமான வரிகளை லென்ஸைப் பார்த்துச் சொல்லட்டும். லேப்டாப்புக்கு அடியில் நாலு புத்தகம் வைத்துக் கேமராவைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள். ஜன்னல் அவள் முகத்துக்கு எதிரே வர வேண்டும். முதுகுப் பக்கம் வந்தால் முகம் இருண்டுவிடும். திரையில் தன் முகத்தையே பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்யும் பழக்கம் பலருக்கும் உண்டு. ஜூமில் தன் படம் தனக்கு மட்டும் தெரியாமல் மறைக்கும் வசதி இருக்கிறது. பயன்படுத்தச் சொல்லுங்கள்.

பதில்களை எழுதி வைத்துப் படிப்பது வேண்டவே வேண்டாம். கண் இடமிருந்து வலமாக ஓடுவதும், குரல் ஒரே தொனிக்கு மாறுவதும் எதிரே இருப்பவருக்கு உடனே தெரியும். செய்த புராஜெக்ட்டுகளின் பெயர், அதில் தன் பங்கு என்று நாலைந்து சொற்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கேமராவுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

அறையில் நீங்களும் உட்காரட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். நீங்கள் வாயே திறக்காவிட்டாலும் அவள் கண் உங்கள் பக்கம் போகும். யாரோ பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கிறார்கள் என்ற சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் நல்ல பதிலும் எடுபடாது. உங்களுக்கு வெளியே வேலை இருக்கிறது. அந்த ஒரு மணி நேரம் வீட்டில் வேறு யாரும் வீடியோ பார்க்காமல், பெரிய ஃபைல் எதுவும் ஏற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் போனில் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்து, லேப்டாப்பில் ஒருமுறை இணைத்துச் சோதித்துவிடுங்கள். இணைப்பு அறுந்தால் அவள் பதறாமல் திரும்ப நுழைந்து, “மன்னிக்கவும், இணைப்பு போய்விட்டது. எதுவரை கேட்டது?” என்று கேட்டு அங்கிருந்தே தொடரட்டும்.